இடம் காண்டலும் இனம் காண்டலும்: உலோக உணரியைப் பயிலுதல்

தமிழில் ‘புதையல்’ என்றொரு சொல் உண்டு. ‘புதைபொருள்’ என்றொரு சொல்லும் உண்டு. இரண்டும் ‘புதை’ என்னும் ஒரே வினையடியில் பிறந்தவை. ஆயினும் வழக்கில் அவை வெவ்வேறு திசைகளில் செல்கின்றன. புதையல் என்றவுடன் பொன்னும் அதன்மேல் எழும் ஆசையும் நினைவுக்கு வருகின்றன. புதைபொருள் என்றால் ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. ‘மெட்டல் டிடெக்டர்’ என்று மக்கள் வழக்கில் சொல்லப்படும் உலோக உணரியைக் கையில் எடுக்கும் எவரும் இவ்விரு சொற்களுக்கும் நடுவே நிற்கிறார். அவர் எப்பக்கம் செல்வார் என்பதை அவருடைய நல்லெண்ணத்தோடு அவருடைய பயிற்சியும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

அப்பயிற்சியில் இரு திறன்கள் அடங்கும். மண்ணுக்குள் கிடக்கும் பொருள் சரியாக எந்த இடத்தில் உள்ளது என்று குறிப்பது முதலாவது. அது இன்னதாக இருக்கலாம் என்று தோண்டுவதற்கு முன்பே மதிப்பிடுவது இரண்டாவது. முன்னதை இடம் காண்டல் என்றும் பின்னதை இனம் காண்டல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இவ்விரண்டையும் நன்கு கற்றவர் குறைவாகத் தோண்டுவார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவார். இத்துறையில் தேர்ச்சி என்று சொல்லத்தக்கது அதுவே.

கருவி எதைக் கேட்கிறது?

உலோக உணரியின் அடிப்படை, மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலாகும். கருவியின் அடிப்பகுதியில் உள்ள வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அப்புலம் ஓர் உலோகத் துண்டைத் தொட்டால், அதன் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. இரண்டாவது சுருள் அந்த மறுமொழியைப் பெற்று ஒலியாக மாற்றுகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, கருவி நாணயத்தையோ மோதிரத்தையோ அறியாது. மின்சாரம் கடத்தும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்பதை மட்டுமே அது அறியும். பானையோடும் கண்ணாடி மணியும் எலும்பும் கரித்துண்டும் அதன் செவிக்கு எட்டுவதில்லை. இரண்டாவது, அந்த மறுமொழி ஆழத்தோடு மிக விரைவாகத் தேய்கிறது. பொருள் சிறிதாகவும், சுருளின் அளவோடு ஒப்பிட ஆழம் மிகுதியாகவும் இருக்கையில், தொலைவு இரு மடங்கானால் மறுமொழி ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவேதான் சாதாரணக் கருவி ஒன்று தனி நாணயத்தை ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரை கேட்கும், அதற்கும் கீழே மெல்லிய முணுமுணுப்பாகும், பின்னர் மௌனமாகிவிடும்.

ஒரு குடியரசுத் தலைவரும் ஒரு குண்டும்

கருவி சரியாக இருந்தும் இடம் காண்டல் தவறிப்போன நிகழ்ச்சி ஒன்று இத்துறையின் தொடக்கக் காலத்திலேயே நடந்தது. 1881 ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே உள்ளது என்று மருத்துவர்களால் அறிய முடியவில்லை; எக்ஸ் கதிர்கள் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல், தூண்டல் சமநிலையை அடிப்படையாகக் கொண்ட கருவி ஒன்றை அமைத்து நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவந்தார். முன்னோட்டச் சோதனைகளில் அது நன்றாகவே இயங்கியது. நோயாளியிடமோ தெளிவான இடம் எதையும் அது காட்டவில்லை.

தலைமை மருத்துவர், குண்டு உடலின் வலப்பக்கத்தில் இருப்பதாக உறுதியாக நம்பினார். அப்பக்கத்தையே தேட இடமளித்தார். போதாக்குறைக்கு, நோயாளி படுத்திருந்த மெத்தையில் எஃகுக் கம்பிகள் இருந்தன. அவை கருவியைக் குழப்பின. செப்டம்பர் 19ஆம் நாள் கார்ஃபீல்டு மறைந்தார். பிணக்கூறு ஆய்வில் குண்டு இடப்பக்கத்தில் காணப்பட்டது.

இன்று கருவியோடு வயலிலோ கடற்கரையிலோ நிற்பவருக்கும் இந்நிகழ்ச்சி பொருந்தும். நம்பிய இடத்தில் மட்டும் தேடினால் நம்பியது மட்டுமே கிடைக்கும். பெரும்பாலும் அதுவும் கிடைக்காது. சுற்றிலும் உள்ள வேறு உலோகத்தை முதலில் அறியாமல் தேடும் பொருளின் குரலைப் பிரித்தறிய முடியாது.

இடம் காண்டல்

ஒலி கேட்டவுடன் மண்வெட்டியை எடுப்பது கற்றுக்குட்டியின் இயல்பு. பயின்றவர் முதலில் சுருளை மண்ணுக்கு நெருக்கமாகவும் இணையாகவும் வைத்து, அதே இடத்தின்மேல் சிறு வீச்சாக இடமும் வலமும் நகர்த்துவார். ஒலி உச்சத்தை எட்டும் இடத்தை மனத்தில் ஒரு கோடாகக் குறித்துக்கொள்வார். பின்பு தம் உடலைத் தொண்ணூறு பாகை திருப்பி நின்று, முன்னைய வீச்சுக்குக் குறுக்காக மீண்டும் வீசுவார். அவ்வீச்சிலும் ஓர் உச்சக்கோடு கிடைக்கும். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே பொருள் கிடக்கும் இடமாகும். இக்குறுக்கு வீச்சு முறை எளியது. பெரும்பாலான பிழைகளைத் தடுப்பது.

சுருளின் அமைப்பையும் அறிந்திருக்க வேண்டும். ஒன்றனுள் ஒன்றாக வட்டமாக அமைந்த சுருள்களில் காந்தப்புலம் தலைகீழ்க் கூம்பு போல் இறங்குகிறது; ஆகவே உச்சம் நடுப்புள்ளியில் அமையும். ஆங்கில எழுத்து ‘டி’ இரண்டு முதுகோடு முதுகு சேர்ந்தாற்போல் அமைந்த சுருள்களில், உணர்வு முன்னிருந்து பின்னாக ஓடும் நடுக்கோடு முழுவதிலும் பரவியிருக்கும். பின்னைய வகையைப் பயன்படுத்துவோர், ஒலியின்மீது சுருளைச் சிறிதாக அசைத்தபடியே மெல்லப் பின்னிழுப்பர். சுருளின் முன்விளிம்பு பொருளைக் கடக்கும்போது ஒலி சட்டென அறும். பொருள் அவ்விளிம்பிற்கு நேர்கீழே உள்ளது என்று பொருள்.

அடுத்து ஆழத்தை மதிப்பிட வேண்டும். சுருளைச் சிறிது சிறிதாக மேலே உயர்த்திப் பார்த்தால், ஆழத்தில் கிடக்கும் சிறு பொருளின் ஒலி உடனே மறையும். சுருள் முழங்கால் உயரம் எழுந்த பின்னும் ஒலி நிலைத்திருந்தால், கீழே இருப்பது பெரிய தகரமோ குழாயோ ஆகும். அதன் பிறகே தோண்டுதல். புல்தரையாயின் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கதவின் கீல் போல் விட்டு, புல்லை வேரோடு மடித்துத் திறப்பர். குழிக்குள் பொருளைத் தேட, கையடக்கமான துருவுகோல் ஒன்று உதவும். பொருளின் நேர்மேலே இரும்புக் கருவியை இறக்கலாகாது; சற்றுத் தள்ளி இறங்கிப் பக்கவாட்டில் அணுக வேண்டும். நூற்றாண்டுகள் மண்ணுக்குள் சிதையாமல் கிடந்த நாணயத்தின் முகத்தை ஒரு குத்தில் கீறிவிடுவது எளிது. இடத்தைச் சரியாகக் குறித்தவருக்கு உள்ளங்கை அகலக் குழியே போதும். குறிக்காதவர் அகழி வெட்டுவார்.

இனம் காண்டல்

உலோகங்களின் மறுமொழி, அனுப்பிய அலைக்குச் சற்றுப் பின்தங்கியே திரும்புகிறது. எவ்வளவு பின்தங்குகிறது என்பது பொருளின் கடத்துதிறன், பருமன், வடிவம் ஆகியவற்றைப் பொறுத்தது. கருவி அந்தப் பின்தங்கலை அளந்து ஓர் எண்ணாகத் திரையில் காட்டுகிறது. பல கருவிகளில் அது 0 முதல் 99 வரை செல்லும். இரும்பு கீழ்நிலையில் நிற்கும். அலுமினியத் தாள், சிறிய தங்க மோதிரம், நிக்கல் கலந்த நாணயம், பான டின்களின் திறப்பு வளையம் ஆகியவை நடுப்பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். செம்பும் பெரிய வெள்ளி நாணயமும் மேலே நிற்கும்.

இவ்வரிசையில் ஒரு சிக்கல் உள்ளது. தங்க மோதிரமும் திறப்பு வளையமும் அண்டை வீட்டார். குப்பையைக் கேட்க விரும்பாதவர் அந்த எண்களை ஒலிக்காதவாறு மறைத்துவிடலாம். அதற்கான வசதி கருவியில் உண்டு. ஆனால் அவ்வாறு மறைப்பவர் தங்கத்தையும் சேர்த்தே மறைக்கிறார். எண் ஒரு சான்று, தீர்ப்பு அன்று.

ஆழம் கூடுந்தோறும் எண் தடுமாறும். மண்ணில் இரும்புத் தாது மிகுந்தால், நல்ல உலோகமும் இரும்பின் எண்ணை நோக்கிச் சரியும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காணும் செந்நிறச் செம்புரை மண் இத்தகையது. ஆகவே வேலையைத் தொடங்குமுன், உலோகமற்ற ஓரிடத்தில் சுருளை மேலும் கீழும் அசைத்து, மண்ணின் குரலைக் கருவி பொருட்படுத்தாதவாறு சரிசெய்துகொள்வர். ஈர உப்பு மணலுக்கும் இதுபோன்ற தனிக் கவனம் வேண்டும்.

எண்ணைவிட ஒலியின் தன்மை பல வேளைகளில் உண்மையைச் சொல்லும். வட்டமான நாணயத்தின் ஒலி உருண்டு திரண்டு எத்திசையிலிருந்து வீசினாலும் ஒன்றுபோல் இருக்கும். வளைந்த ஆணி ஒரு திசையில் இனிமையாக ஒலித்துத் தொண்ணூறு பாகை திரும்பியதும் முறிந்து கரகரக்கும். அல்லது இரட்டை ஒலியாகும். துருப்பிடித்த பெரிய இரும்பு, வெள்ளியின் எண்ணைக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. நல்ல நாணயத்தின் அருகே ஓர் ஆணி கிடந்தால், ஆணியின் குரலில் நாணயத்தின் குரல் அமிழ்ந்துபோகும். அத்தகைய இடத்தில் சிறிய சுருளோடு மெதுவாக வீசுபவருக்கே இரண்டும் பிரிந்து கேட்கும்.

பயிற்சிக்கு ஒரு வழி

இத்திறனைப் படித்து மட்டும் பெற இயலாது. செவி பழக வேண்டும். உரிமையுள்ள ஒரு தோட்டத்தில், முதலில் நிலத்தை வருடி ஏற்கெனவே உள்ள உலோகத்தை அகற்றிவிட்டு, ஒரு நாணயம், ஓர் ஆணி, ஒரு திறப்பு வளையம், கசக்கிய அலுமினியத் தாள், ஒரு பழைய சாவி ஆகியவற்றை வெவ்வேறு ஆழங்களில் புதைத்து, எங்கே எது என்று தாளில் வரைந்து வைத்துக்கொள்ளலாம். நாணயங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது நன்று. சிங்கப்பூரில் 2013இல் வெளிவந்த மூன்றாம் வரிசை நாணயங்கள் எஃகின்மேல் பூச்சிட்டவை; அவை பழைய வரிசை நாணயங்களைப்போல் ஒலிக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. பின்பு வேறொருவரிடம் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுத் தேட வேண்டும். தோண்டுவதற்கு முன் ‘இது இன்ன பொருள், இவ்வளவு ஆழம்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகே தோண்ட வேண்டும். சொன்னதையும் கிடைத்ததையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வந்தால், சில வாரங்களில் தம் செவி எங்கே ஏமாறுகிறது என்று ஒருவர் தாமே அறிவார்.

பிழையின் விலை

தோட்டத்தில் பிழை செய்தால் ஒரு திறப்பு வளையம் கிடைக்கும். எல்லா நிலமும் அவ்வாறு மன்னிப்பதில்லை. இலங்கையின் வடக்கே போர் ஓய்ந்த பின்னர்க் கண்ணிவெடி அகற்றும் பணியில் தமிழ்ப் பெண்கள் பலர் ஈடுபட்டு வந்துள்ளனர். அவர்கள் கையில் இருப்பதும் இதே உலோக உணரிதான். சில வெடிகளின் உடல் பிளாஸ்டிக்கால் ஆனது; அவற்றில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். ஆகவே எந்த ஒலியையும் ‘இது வெறும் ஆணி’ என்று அவர்கள் தள்ளிவிட முடியாது. ஒவ்வோர் ஒலியும் வெடி என்றே கொள்ளப்படும், இடம் குறிக்கப்படும், சற்றுத் தள்ளித் தொடங்கிப் பக்கவாட்டில் அங்குலம் அங்குலமாக மண் அகற்றப்படும். இனம் காண்டலின் எல்லையை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

நம் நகரங்களுக்கும் இது தொலைவான செய்தி அன்று. 2023 செப்டம்பரில் சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா பகுதிக் கட்டுமானத் தளத்தில் கிடைத்த இரண்டாம் உலகப் போர்க்கால வெடிகுண்டு 100 கிலோகிராம் எடையுடையது. 4,000க்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றிய பின்னரே அது அங்கேயே வெடிக்கச் செய்து அழிக்கப்பட்டது. குழியில் உருளை வடிவான கனத்த இரும்பு தென்பட்டால், துலக்கிப் பார்க்காமல் விலகிச் சென்று காவல்துறைக்கு அறிவிப்பதே அறிவுடைமை.

கையை நிறுத்தியவரும் நிறுத்தாதவரும்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்ன் என்னும் சிற்றூர் உள்ளது. 1992 நவம்பர் 16ஆம் நாள், உழவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித் தரும்பொருட்டு எரிக் லாஸ் என்பவர் உலோக உணரியோடு சென்றார். சுத்தியலுக்கு முன் அவருக்குக் கிடைத்தவை வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும். சிலவற்றை எடுத்தவுடன், கீழே இன்னும் நிறைய இருக்கிறது என்று உணர்ந்து, தோண்டுவதை அவர் நிறுத்திவிட்டார். உரியவர்களுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாளே தொல்லியலாளர் வந்து முறையாக அகழ்ந்தனர்.

ஏறத்தாழ 15,000 உரோமானியக் காசுகளும் 200 அளவிலான பொன், வெள்ளிப் பொருள்களும் வெளிவந்தன. அவை அடுக்கப்பட்ட முறை கலையாமல் இருந்ததால், காசுகளைவிட மதிப்புமிக்க செய்திகள் கிடைத்தன. எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தன என்பதும், அதற்குள் சிறு பூட்டுகள் இட்ட பேழைகள் இருந்தன என்பதும், பொருள்கள் வைக்கோலிலும் துணியிலும் பொதியப்பட்டிருந்தன என்பதும் தெரிய வந்தன. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமானிய ஆட்சி பிரிட்டனில் சரிந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு குடும்பம் அவசரமின்றி அக்கறையோடு தன் செல்வத்தை மூடி வைத்த காட்சி அதனால் நமக்குக் கிடைத்தது. அச்செல்வத்துள் மிளகு வைக்கும் வெள்ளிக் கலங்கள் நான்கு இருந்தன. மிளகு உரோமானிய உலகிற்குத் தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து, சங்க இலக்கியம் பேசும் முசிறி போன்ற துறைமுகங்களின் வழியே சென்ற பொருள். சேரநாட்டு மலைச்சாரலில் விளைந்ததன் சுவடு ஆங்கிலேய வயல் ஒன்றில் காத்துக்கிடந்தது. லாஸ் தேடிச்சென்ற சுத்தியலும் பின்னர்க் கிடைத்தது. இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015இல் ஹெரஃபோர்டுஷயர் மாவட்டத்தின் லெம்ஸ்டர் நகருக்கு அருகே, வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்ட இருவர் அதை மறைத்துப் பகுதி பகுதியாக விற்றனர். அதில் ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. மீட்கப்பட்டவை 30 அளவில்தாம். மீட்கப்பட்ட காசுகளில் வெசெக்ஸ் நாட்டு ஆல்ஃபிரெட் மன்னரும் மெர்சியா நாட்டு மன்னரும் அருகருகே அமர்ந்திருக்கும் உருவம் உள்ளது. இருவரும் நேசம் பூண்டிருந்தனர் என்பதற்கு அது சான்று. மற்றக் காசுகள் என்ன சொல்லியிருக்கும் என்பதை இனி எவரும் அறிய முடியாது. இருவரும் 2019இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டுச் சிறை சென்றனர்.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம், புதையல் கண்டவர் 14 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது. சட்டத்திற்கு உட்படாத சிறு பொருள்களையும் மக்கள் தாமே முன்வந்து பதிவு செய்வதற்கான திட்டம் 1997இல் தொடங்கியது. அதில் இன்றுவரை பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. பொருளின் பெயரோடு, அது கிடைத்த இடமும் பதிவாவதால்தான் அத்திட்டம் வரலாற்றுக்குப் பயன்படுகிறது.

நம் மண்ணில்

சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் 1928இல் நீர்த்தேக்கத்திற்காகத் தோண்டிய தொழிலாளர்கள் பொன்னணிகளைக் கண்டனர். அவை அழகியவை, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படுபவை. எனினும் அந்நூற்றாண்டின் சிங்கப்பூர் எவ்வாறு வாழ்ந்தது என்பதை விரிவாகச் சொன்னவை, அதே குன்றில் 1984 முதல் முறையான அகழாய்வுகளில் கிடைத்த பானையோடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடி மணிகளுமே. அவற்றுள் எதையும் உலோக உணரி கேட்காது. உலோகத்தின் ஒலியைத் துரத்திக் குழி வெட்டுபவர், கருவி கேளாத இச்சான்றுகளையே வழியில் உடைத்துக்கொண்டு போகிறார்.

கடாரம் என்று தமிழ் மரபு அறிந்த கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கும் ஒன்றைக் கற்பிக்கிறது. அங்குள்ள சுங்கை பத்துவில் பழங்காலத்து இரும்பு உருக்குத் தொழிலின் எச்சங்கள் வெளிப்பட்டுள்ளன. இரும்பின் எண்ணை மறைத்துவைத்துக்கொண்டு பொன்னைத் தேடுபவருக்கு அந்நிலம் வெறும் குப்பைமேடாகவே தோன்றும். வரலாற்றாளருக்கோ அக்கசடே செல்வம். எது குப்பை என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய நமக்குத் தகுதியில்லை.

மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், மரபுச் சிறப்புடையது எனத் தோன்றும் பொருளைக் கண்டவர் உரிய அதிகாரிக்கு உடனே அறிவிக்க வேண்டும் என விதிக்கிறது. எந்நாட்டிலாயினும் நில உரிமையாளரின் இசைவு முதலில் வேண்டும். தொல்லியல் இடங்களில் கருவியைத் தூக்கவே கூடாது. இக்கலையைப் பழக விரும்புவோருக்கு, விடுமுறைக் கடற்கரையில் யாரோ தொலைத்த திருமண மோதிரத்தைத் தேடிக் கொடுப்பதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அங்கே இசைவு பெற்று, குறுக்கு வீச்சில் இடம் குறித்து, ஒலியை நிதானித்து, அளவாகத் தோண்டி, குழியை மூடப் பழகலாம். அப்பழக்கம் ஊறிய கைக்கு, என்றேனும் ஒருநாள் பழமையான ஏதோவொன்று தட்டுப்படுமாயின், மண்ணை மீண்டும் மெல்ல மூடி, இடத்தைக் குறித்துக்கொண்டு, அறிந்தவரை அழைக்கத் தெரியும்.